வரவேற்பறையைத் தாண்டி உள்ளே போங்கள்: கல்லூரி பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில் நடக்கிறது. அதற்கு முன் மாணவரும் பெற்றோரும் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கே வந்து காத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் "அந்தக் காலேஜ் எப்படிங்க?" என்று நாலு வார்த்தை கேட்கவாவது முடிந்தது. இப்போது அலைச்சல் மிச்சம்தான். ஆனால் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்காமல் நான்கு ஆண்டுப் படிப்பைத் தீர்மானிக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. நேரில் பார்த்துவிட்டு முடிவெடுக்க நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகளுக்கு கட்-ஆஃப் 168. பட்டியலில் கிடைக்கக்கூடிய கல்லூரிகளே நாற்பதுக்கு மேல் வருகின்றன. எத்தனையைப் போய்ப் பார்ப்பது? எப்போது போவது?
– ஒரு தாய், தென்காசி

நாற்பதையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். நான்கு அல்லது ஐந்து போதும். வடிகட்டும் வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எதுவரை இடம் போனது என்ற விவரம் இருக்கும். அதில் கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு தரவரிசை எண்ணையும் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடுவதால், ஒரு வருடம் கணிதத் தாள் எளிதாக வந்தாலே எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். போன வருட 168 இந்த வருடம் 172-க்குச் சமமாகலாம். தரவரிசை அந்த அளவுக்கு ஏமாற்றாது. உங்கள் மகளின் தரவரிசைக்குச் சற்று மேலே இரண்டு, பக்கத்தில் இரண்டு, கண்டிப்பாகக் கிடைக்கும் என்று ஒன்று எனத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது போவது என்பதுதான் பலரும் தவறும் இடம். ரிசல்ட் வந்த கையோடு மே மாதமே கிளம்பிவிடுகிறார்கள். அப்போது செமஸ்டர் தேர்வு நடக்கும், அல்லது விடுமுறையாக இருக்கும். ஆய்வகம் பூட்டியிருக்கும், மாணவர் எவரும் இருக்கமாட்டார்கள். வரவேற்பறையில் குளிர்பானம் கொடுத்து, படம் போட்டுக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு வகுப்பு தொடங்கியபின், வாரத்தின் நடுவில் ஒரு வேலைநாளில் போங்கள். காலை 10 மணிக்கு உள்ளே இருந்தால் பிற்பகல் 3 மணி வரை பார்க்கலாம். "அட்மிஷன் விழா" நாளையும் சனி, ஞாயிறையும் தவிருங்கள். முதல் நாளே அலுவலகத்துக்குப் போன் செய்து, "இந்தத் துறையின் ஆய்வகத்தையும் வகுப்பறையையும் பார்க்க வேண்டும், துறைத் தலைவரைச் சந்திக்க வேண்டும்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சும்மா "காலேஜைப் பார்க்கணும்" என்றால் முகப்புக் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள்.

கையில் மதிப்பெண் பட்டியலின் நகல் மட்டும் போதும். அசல் சான்றிதழ் எதையும் கொண்டுபோகாதீர்கள். ஏன் என்று கீழே இன்னொரு கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆய்வகத்தைத் திறந்து காட்டினால் எனக்கு என்ன தெரியும்? பையனுக்கும் இப்போது தெரியாது. நாங்கள் போய்ப் பார்ப்பதில் பிரயோஜனம் உண்டா?
– ஒரு தந்தை, நாமக்கல்

நிச்சயம் உண்டு. ஒரு இயந்திரம் ஓடுகிறதா, துருப்பிடித்து நிற்கிறதா என்று பார்க்க இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பட்டறையும் வண்டியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இன்னும் எளிது.

முதலில் ஒரு காகிதத்தைத் தயார் செய்யுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். பல ஆய்வகப் பாடங்களின் கடைசியில், 30 மாணவர் கொண்ட ஒரு அணிக்கு என்னென்ன கருவி, எத்தனை வேண்டும் என்று பட்டியல் கொடுத்திருப்பார்கள். பையன் சேர நினைக்கும் பிரிவில் இரண்டாம் ஆண்டு ஆய்வகப் பாடம் ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் கருவிகளை எண்ணுங்கள். பெயர் புரியாவிட்டால் ஆய்வக உதவியாளரிடம் காகிதத்தைக் காட்டி "இதில் எது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். மழுப்பாமல் ஒவ்வொன்றாகக் கை காட்டுகிறவர் இருக்கும் ஆய்வகத்தில் வேலை நடக்கிறது. தானே பாடம் வகுத்துத் தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிக்குத் தனிப் பாடத்திட்டம் இருக்கும். அதன் தளத்திலிருந்து எடுங்கள்.

எண்ணி முடித்தபின், கருவி புழங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு அடையாளம் உண்டு.

சிவில் என்றால் கான்கிரீட் ஆய்வகத்துக்குப் பின்புறம் போங்கள். 150 மி.மீ. பக்கமுள்ள கான்கிரீட் கட்டிகளை வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, 7-ம் நாளும் 28-ம் நாளும் அழுத்தி உடைத்துப் பார்ப்பது அடிப்படைச் சோதனை. தொட்டியில் தேதி எழுதிய கட்டிகள் ஊறிக்கொண்டும், வெளியே உடைந்த கட்டிகள் குவிந்தும் கிடந்தால் மகிழ்ச்சியடையுங்கள். தொட்டி காய்ந்து கிடந்தால் காரணம் கேளுங்கள்.

எலெக்ட்ரிக்கல் என்றால் மின் இயந்திர ஆய்வகம். மோட்டாரின் பிரேக் டிரம்மைப் பாருங்கள். சுமைச் சோதனை செய்யும்போது அதன்மேல் பெல்ட்டை இறுக்குவார்கள். சூடாகாமலிருக்க டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெல்ட் உராயும் பட்டை பளபளவென்று தேய்ந்திருந்தால் மாணவர்கள் சோதனை செய்கிறார்கள். முழுக்கத் துருப்பிடித்தோ, வாங்கியபோது அடித்த பெயின்ட் கலையாமலோ இருந்தால் அது காட்சிப் பொருள்.

மெக்கானிக்கலில் லேத் தட்டில் இரும்புச் சுருள்கள் கிடக்கின்றனவா, எண்ணெய் வாசம் வருகிறதா என்று பாருங்கள். பெருக்கித் துடைத்து, மாலை போட்ட ஆயுதபூஜை மறுநாள்போல் இருக்கும் பட்டறை நல்ல அறிகுறி இல்லை. எலெக்ட்ரானிக்ஸில், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்புகளோடு புரோப் எனும் இணைப்பு வயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தினம் புழங்கும் ஆய்வகத்தில் முதலில் கெடுவது அதுதான். பத்து ஆசிலாஸ்கோப்புக்கு இரண்டே புரோப் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு அணிதான் வேலை செய்ய முடியும்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் கண்ணாடி அறையும் குளிர்சாதனமும் கண்ணை மயக்கும். நடுவரிசையில் ஏதாவது ஒரு கணினியை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேரத்தில் உயிர் பெறுகிறது, இணையம் வருகிறதா என்று பாருங்கள். வகுப்பு முடிந்தபின் மாணவர்கள் வந்து உட்கார அனுமதி உண்டா, மாலை எத்தனை மணி வரை என்று கேளுங்கள். இந்தப் பிரிவில் இந்தக் கேள்வியைத்தான் மிக முக்கியமாகக் கருதுகிறோம். வாரம் மூன்று மணி நேர லேபில் மட்டும் எவரும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்வதில்லை.

எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒன்று: மூன்றாமாண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அளவீடுகள் மாணவருக்கு மாணவர் சற்று மாறுபட வேண்டும். இரண்டு நோட்டில் ஒரே எண்கள் அச்சுப்போல வரிசையாக இருந்தால், சோதனை நடக்கவில்லை, காப்பி நடந்திருக்கிறது.

இன்னொரு எளிய கணக்கும் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். ஒரு துறையில் ஆண்டுக்கு 60 இடம் என்றால் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 மாணவர். தோராயமாக 12 ஆசிரியர். 180 இடம் என்றால் 36. கல்லூரியின் இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பெயர்களை எழுதிக்கொண்டு போய், துறை ஆசிரியர் அறைக் கதவில் உள்ள பெயர்ப் பலகையோடு ஒப்பிடுங்கள். ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. அதன்பின் சில கல்லூரிகள் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களை ஒரேயடியாகக் கூட்டியிருக்கின்றன. கூட்டிய இடத்துக்கு வகுப்பறை எது, லேப் எது, ஆசிரியர் யார் என்று கேட்பது உங்கள் உரிமை.

சீனியர்களிடம் கேட்டால் "நல்லா இருக்கும்" என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்?
– பிளஸ் 2 முடித்த மாணவி, திண்டுக்கல்

"காலேஜ் எப்படி?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கேன்டீனிலோ, வெளியே பஸ் நிறுத்தத்திலோ கேளுங்கள். நேற்று நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். நேற்று ஏழு பீரியடில் எத்தனை வகுப்பு நடந்தது? போன செமஸ்டரில் நடுவில் எந்த ஆசிரியராவது வேலையை விட்டுப் போனாரா? அந்தப் பாடத்தைப் பிறகு யார் எடுத்தார்? உங்கள் வகுப்பில் அரியர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? 75 சதவீத வருகை குறைந்தவர்களிடம் அபராதம் வாங்கினார்களா? லைப்ரரி எத்தனை மணிக்கு மூடும்? இப்படிப்பட்ட கேள்விக்கு "நல்லா இருக்கும்" என்று பதில் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று பேரிடம், அதிலும் நீங்கள் சேரப்போகும் துறையில் மூன்றாமாண்டு படிப்பவரிடம் கேளுங்கள். முதலாண்டு மாணவர் இன்னும் துறையையே பார்த்திருக்கமாட்டார்.

நுழைவாயிலில் "100 சதவீத வேலைவாய்ப்பு" என்று பலகை வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

எத்தனை பேரில் 100 என்று பலகையில் எழுதியிருக்கமாட்டார்கள். அதை நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மத்திய அரசு கல்லூரிகளுக்கு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அதில் நான்காண்டுப் படிப்புக்கு வரிசையாக இருக்கும்: முதலாண்டு அனுமதிக்கப்பட்ட இடம், சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம் (எல்லோருடையதையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), மேற்படிப்புக்குப் போனவர்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. 520 பேர் சேர்ந்து, 390 பேர் நான்காண்டில் முடித்து, 240 பேர் வேலை பெற்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியர் இல்லாமல், கம்பெனி கேட்ட மதிப்பெண்ணோடு, பயிற்சியிலும் பெயர் கொடுத்த 250 பேரை மட்டும் "தகுதியானவர்கள்" என்று எடுத்துக்கொண்டால் 96 சதவீதம். சேர்ந்த 520 பேரில் பார்த்தால் 46 சதவீதம். உங்கள் பிள்ளை அந்த 520-ல் ஒருவராகத்தான் உள்ளே நுழைகிறார். ஆகவே 46-ஐப் பார்க்க வேண்டும்.

அதோடு 520-க்கும் 390-க்கும் இடையே விழுந்த 130 பேரை மறந்துவிடாதீர்கள். வேலைவாய்ப்பு எண்ணைவிட அந்த இடைவெளிதான் கற்பித்தலைப் பற்றி அதிகம் சொல்லும்.

இந்த விவரம் கல்லூரி முழுமைக்குமானது. எனவே பிளேஸ்மென்ட் அதிகாரியைச் சந்திக்கும்போது துறைவாரியாகக் கேளுங்கள். "எத்தனை ஆஃபர்?" என்று கேட்காமல் "எத்தனை மாணவர்?" என்று கேளுங்கள். ஒரே மாணவர் மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்று ஆஃபர் ஆகிவிடும். அதிகபட்சச் சம்பளம் ஒருவர் வாங்கியது. அதைப் பற்றி அவர்களே சொல்வார்கள். நீங்கள் இடைநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள்.

நாக், என்.பி.ஏ., தன்னாட்சி என்றெல்லாம் போட்டிருக்கிறதே, எதைப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் ஏ++, ஏ+ போன்ற மதிப்பு கல்லூரி முழுமைக்கும். தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ. தரும் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. கல்லூரி வாசலில் "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று இருந்தால் அது மெக்கானிக்கலுக்கு மட்டும்கூட இருக்கலாம். உங்கள் பிரிவின் பெயரும், அங்கீகாரம் முடியும் தேதியும் உள்ள கடிதத்தைக் கேளுங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு மாணவர் தொகுதிகள் படித்து முடித்து வெளியே போன பிறகே ஒரு படிப்புக்கு என்.பி.ஏ. கோர முடியும். ஆகவே அண்மையில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளுக்கு அது இல்லாததைக் குறையாக எடுக்கவேண்டாம். அங்கே ஆசிரியர்கள் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்துகிறது. எனவே அதன் தேர்ச்சி விகிதத்தை, பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிடாதீர்கள்.

மகளை ஹாஸ்டலில் விடவேண்டிய நிலை. ஒரு மணி நேரம் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?
– ஒரு தாய், ராமநாதபுரம்

நிறையத் தெரியும். காட்டுவதற்கென்று வைத்திருக்கும் அறையைப் பார்த்துத் திரும்பாமல், முதலாண்டு மாணவிகளுக்கு எந்தத் தளம் என்று கேட்டு அங்கே போங்கள். அறைக்கு எத்தனை பேர், அந்தத் தளத்தில் எத்தனை கழிப்பறை, அதில் எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணுங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். காலை 6 முதல் 8 மணி வரை மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று ஒரு மாணவியிடம் கேளுங்கள். கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்பதையும் கேளுங்கள். நாப்கின் எரிப்பான் இருக்கிறதா, இரவில் உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், வண்டி இருக்கிறதா, வார்டன் உள்ளேயே தங்குகிறாரா என்று கேளுங்கள்.

முடிந்தால் மதியச் சாப்பாட்டை மெஸ்ஸிலேயே காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். மெஸ் கட்டணம் இரண்டு வகை. ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குவது ஒன்று. மாதச் செலவை, சாப்பிட்டவர்களின் நாள்கணக்கில் பங்கிடும் டிவைடிங் சிஸ்டம் இன்னொன்று. இரண்டாவதில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நாட்களுக்குக் கழிவு கிடைக்கும். எத்தனை நாள் தொடர்ந்து போனால் கழிவு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பத் தரும் காப்புத்தொகை எவ்வளவு, தராத பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522. ஹாஸ்டல் சுவரில் ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா, அவை இந்த வருடத்தவையா என்று பாருங்கள்.

ஒரு கல்லூரியிலிருந்து வீட்டுக்கே வந்து, "வேனில் இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம்" என்றார்கள். போனால் தப்பா? இடத்தைப் பிடித்துவைக்க முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியலும் கேட்கிறார்கள்.
– ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி

வேனில் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் காட்டும் இடத்தைத்தான் பார்ப்பீர்கள், திரும்பும் நேரமும் அவர்கள் கையில். கூடுமானால் உங்கள் செலவில் பஸ்ஸில் போங்கள். பஸ்ஸில் போனால்தான் பிள்ளை தினமும் எவ்வளவு நேரம் பயணம் செய்யும் என்பதும் தெரியும்.

பணமும் அசலும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வில் வரும் இடத்தைக் கல்லூரி பிடித்துவைக்க முடியாது. அது தரவரிசைப்படி ஒதுக்கப்படுவது. அப்படியென்றால் அவர்கள் பேசுவது கல்லூரி தானே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, உரிய கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். விதி இருந்தாலும் அசல் அவர்கள் மேசைக்குள் போனபிறகு வாங்க அலையப்போவது நீங்கள்தான்.

கட்டண விவரத்தை முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். கலந்தாய்வு இடத்துக்கான டியூஷன் கட்டணத்தைக் கல்லூரி தீர்மானிப்பதில்லை, அரசு அமைத்த குழு தீர்மானிக்கிறது. செலவு ஏறுவது பஸ், பயிற்சி, சீருடை, லேப்டாப், "இதர" என்ற தலைப்புகளில்தான்.

அரசுப் பள்ளியில் படித்தேன். அப்பாவுக்குக் கூலி வேலை. ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வசதியில்லை.
– ஒரு மாணவர், திருவண்ணாமலை

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் உங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் கிடைக்கும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. எனவே கல்லூரியில் பணம் கேட்டால் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பயணத்துக்கு வசதியில்லை என்றால் ஒரே ஒரு கல்லூரியை மட்டும், அதிகம் குழப்பமாக இருப்பதை, நேரில் பாருங்கள். மற்றவற்றுக்கு உங்கள் பள்ளியிலிருந்து முந்தைய ஆண்டுகளில் போனவர்களின் எண்ணை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கி, மேலே சீனியர்களிடம் கேட்கச் சொன்ன கேள்விகளைப் போனில் கேளுங்கள். வீடியோ அழைப்பில் லேபைக் காட்டச் சொல்லலாம்.

கிண்டியையும் எம்.ஐ.டி.யையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

முடியும், ஆனால் இரண்டும் ஒரே வளாகம் அல்ல. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் எனும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய மூன்றும் சர்தார் படேல் சாலையில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றன. 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. எனும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் குரோம்பேட்டையில் இருக்கிறது, தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையில் இறங்கினால் நடந்தே போகலாம். "கிண்டி" என்ற பெயரைப் பார்த்துக் கிண்டி ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். காலையில் கிண்டி, மதியத்துக்குமேல் எம்.ஐ.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. பட்டியலில் எப்படி எழுதுவது?
– ஒரு மாணவி, கரூர்

பார்த்த அன்றே, பஸ்ஸில் திரும்பும்போதே எழுதிவிடுங்கள். மூன்றாவது கல்லூரியைப் பார்த்ததும் முதல் கல்லூரியின் லேப் எது என்று குழம்பும். ஒரே வளாகத்தில் ஒரே அறக்கட்டளையின் இரண்டு பொறியியல் கல்லூரிகள், ஒரு பாலிடெக்னிக், ஒரு கலைக் கல்லூரி என்று இருப்பது உண்டு. நீங்கள் பார்த்த ஆய்வகம் எந்தக் கல்லூரியுடையது என்று அங்கேயே கேட்டு, அதன் கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறும் கல்லூரிகள் பட்டியலில் அடுத்தடுத்து வரும்.

கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். பிடித்தது மேலே, அடுத்தது கீழே. உங்கள் வரிசையில் மேலிருந்து எது முதலில் காலியாக இருக்கிறதோ அதுதான் ஒதுக்கப்படும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருப்பதாகத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ளது கிடைத்தவுடன் முதலில் கிடைத்த இடம் தானாகவே போய்விடும், திரும்ப வராது. ஆகவே நேரில் பார்த்து மனது ஒப்பாத கல்லூரியை, பேர் பெரிதாக இருக்கிறதே என்று மேலே எழுதாதீர்கள். மாற்ற முடியாதபடி பட்டியலை இணையத்தில் பூட்டுவதற்குமுன் குறியீட்டு எண்களை அம்மாவோ அண்ணனோ உரக்க வாசிக்க, உங்கள் நோட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.